வெட்டுத்தாளும் மான்மயிர்த் தூரிகையும்: ஜப்பானியப் புத்தாண்டு அட்டையின் பின்புலம்

ஓர் உருவத்தை மாறாமல் பலமுறை பதிப்பதற்கு மனிதர் கண்ட வழிகளுள் மிக எளியது, அவ்வுருவத்தை ஒரு தாளிலோ தகட்டிலோ வெட்டியெடுத்து, அந்த வெட்டின் வழியே நிறத்தை இறக்குவது. மார்கழியில் துளைத் தகட்டின் மேல் மாவைத் தேய்த்துக் கோலமிடும் கோல அச்சும், சரக்கு மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயரைக் கருமையில் பொறிக்கும் எழுத்துத் தகடும் இந்த வழியைச் சேர்ந்தவையே. ஸ்டென்சில் என்று பரவலாக வழங்கும் இதனை, காகிதத்தால் ஆகும்போது வெட்டுத்தாள் என்று குறிப்பிடலாம். கையால் வாழ்த்து அட்டை செய்வோர் இன்று இத்தாளை அட்டையின் மேல் வைத்து, தூரிகையில் சிறிது மையெடுத்து வட்டமாகத் தேய்த்து, ஒரு நிறம் மற்றொன்றுக்குள் கரைந்து மறையும்படியான பின்புலத்தை உண்டாக்குகின்றனர். வெட்டுதல், கரைத்தல் என்னும் இவ்விரு செயல்களும் தற்காலக் கைவினைக் கடைகளின் கண்டுபிடிப்பு போலத் தோன்றினாலும், ஜப்பானில் இவை பல நூற்றாண்டுகளாக ஒரே பட்டறையில் ஒன்றாக இருந்து வந்தவை. ஜப்பானிய அச்சுக்கலையின் வரலாறு பெரும்பாலும் மரக்கட்டை அச்சின் வரலாறாகவே எழுதப்படுவதால், வெட்டுத்தாள் அதன் ஏழை உறவினனாக ஓரத்தில் நிற்கிறது. ஆயினும் எளிய மனிதர் கையில் வாழ்த்து அட்டை எப்படி வந்து சேர்ந்தது என்று தேடுவோருக்கு, இந்த ஏழை உறவினனின் வீடே முதலில் தட்ட வேண்டிய கதவு.

அந்த வீடு இசே வளைகுடாவின் கரையில், இன்று மியே மாநிலத்தின் சுஸுகா நகரத்துக்குள் அடங்கிவிட்ட ஷிரோகோ, ஜிகே என்னும் இரண்டு ஊர்களில் இருக்கிறது. துணிக்குச் சாயமிடுவதற்கான வெட்டுத்தாளை ஜப்பானியர் கதகாமி என்பர். கத என்பது வார்ப்பு அல்லது அச்சு, காமி என்பது காகிதம். ஷிரோகோவிலுள்ள கன்னோன் கோயிலில் எல்லாப் பருவத்திலும் பூக்கும் செர்ரி மரம் ஒன்று உண்டு. அதன் புழு அரித்த இலைகளின் துளைகளைக் கண்ட முதியவர் ஒருவருக்குத் தாளை வெட்டி வடிவம் பதிக்கும் எண்ணம் உதித்தது என்பது அவ்வூர்க் கதை. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் ஒரு தொழிலின் தோற்றத்தை அரசனுக்கோ துறவிக்கோ கொடுக்காமல் புழுவுக்குக் கொடுத்த ஊரின் நிதானம் குறிப்பிடத்தக்கது.

இந்தத் தாளின் வலிமை அதன் தயாரிப்பில் உள்ளது. காகித மல்பெரி மரத்தின் பட்டை நாரால் ஆன மெல்லிய வாஷித் தாள்களை, நார் ஓடும் திசை ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி, வழக்கமாக மூன்று அடுக்காக ஒட்டுகின்றனர். ஒட்டும் பசை, பெர்சிமன் மரத்தின் பழுக்காத காயைப் பிழிந்து புளிக்கவைத்த துவர்ச்சாறு. உலர்ந்த தாளைப் பின்னர் மூடிய அறையில் தொங்கவிட்டு மரத்தூள் புகையில் பல நாள் வைக்க, சாறு இறுகித் தாள் பழுப்பேறி, நீர்பட்டாலும் விரியாத, சுருங்காத தன்மையை அடைகிறது. தமிழ்நாட்டின் பனிச்சை மரமும் பெர்சிமனின் பேரினத்தைச் சேர்ந்ததே. அதன் காயின் துவர்ப்பசையைப் படகின் பலகை இடுக்குகளுக்கும் மீன்வலைக்கும் பூசிய பழைய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, ஜப்பானியர் ஏன் இச்சாற்றை நாடினர் என்பதை விளக்க வேண்டியதில்லை. நீரை எதிர்க்கும் தாள் இல்லையேல், ஈரச் சாயத்தோடு நூறு முறை உறவாடும் அச்சு இல்லை.

வெட்டுவதில் நான்கு முறைகள் வேரூன்றின. பாதிக் குழல் போன்ற மெல்லிய உளியை ஊன்றிச் சுழற்றி வட்டத் துளைகளை இடுவது ஒன்று. மெல்லிய கத்தியைத் தாளுக்குச் செங்குத்தாகப் பிடித்து முன்னோக்கித் தள்ளி வளைவுகளை வெட்டுவது மற்றொன்று. பூவிதழ், சதுரம், பிறை என வடிவமாகவே செய்துவைத்த முனைகளால் குத்தியெடுப்பது மூன்றாவது. அளவுகோலை வைத்துக் கத்தியைத் தன்பக்கம் இழுத்துக் கோடுகளை வெட்டுவது நான்காவது. கடைசி முறை பார்வைக்கு எளியது, செய்கைக்குக் கொடியது. மயிரிழை போன்ற கோடுகள் நூற்றுக்கணக்கில் அருகருகே ஓடும்போது, அவற்றுக்கிடையே எஞ்சும் காகித இழைகள் தூரிகை பட்டவுடன் நெளிந்துவிடும்.

இங்கேதான் வெட்டுத்தாளின் அடிப்படைச் சிக்கல் தெரிகிறது. வெட்டப்படும் எந்த உருவமும் நடுவில் ஒரு தீவை விட்டுவிடக்கூடாது. ஒரு வளையத்தை முழுமையாக வெட்டினால் அதன் உள்வட்டம் கழன்று விழும். ஆகவே உருவத்துக்கு நடுநடுவே வெட்டாத பாலங்களை விட வேண்டியிருக்கிறது. பாலமோ பதிவில் வெள்ளைக் கீறலாகத் தெரியும். சுஸுகாவின் கைவினைஞர்கள் இதற்குக் கண்ட தீர்வு வியப்புக்குரியது. வெட்டிய தாளின் அடுக்குகளைப் பிரித்து, இடையில் பட்டு இழைகளைப் பரப்பி, வெட்டுகள் ஒன்றோடொன்று பிசகாதபடி மீண்டும் ஒட்டினர். நிறம் இழையைச் சுற்றிக்கொண்டு இறங்கியதால் பாலம் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாளில், தாய்ஷோ காலம் எனப்படும் 1912-க்கும் 1926-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், தனி இழைகளுக்குப் பதிலாக மெல்லிய பட்டு வலையை அரக்குப் பூச்சால் ஒட்டும் முறை பரவ, இழை பரப்பும் கடினமான வேலை அருகியது.

ஷிரோகோவும் ஜிகேயும் 1619 முதல் கிஷு தோகுகாவா மரபினரின் ஆட்சிக்குள் வந்தன. அந்த அரசகுலத்தின் பாதுகாப்போடு இவ்வூர் வணிகர்கள் கதகாமிக் கட்டுகளைச் சுமந்து ஜப்பானின் பல பகுதிகளுக்கும் சென்று விற்றனர். எந்த மலையூர்ச் சாயக்காரனும் தலைநகரின் வடிவங்களைத் தன் பட்டறையில் பதிக்க முடிந்தது இப்படித்தான். 1955-இல் ஜப்பானிய அரசு இக்கைவினையை முக்கியமான தொட்டறியாப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்று, அதில் தேர்ந்த 6 பேரை, உயிர்வாழும் தேசியச் செல்வங்கள் என்று மக்கள் சொல்லும் தகுதிக்கு உயர்த்தியது.

கதகாமியின் பெரும்பயன், அரிசிப்பசையைத் துணியில் இறக்கிச் சாயம் புகாமல் தடுப்பதே. ஆனால் நிறத்தையே நேராகத் தேய்த்து இறக்கும் கிளை ஒன்றும் உண்டு. அதற்கு சுரிகோமி, அதாவது தேய்த்துப் புகுத்துதல், என்று பெயர். அதற்கான தூரிகை மான்மயிரால் ஆனது. உருண்டையாக, முனை தட்டையாக வெட்டப்பட்டு, அடர்ந்து குத்திட்டு நிற்பது. சாயத்தை எடுத்தபின் தூரிகையைத் துணித்துண்டிலோ தட்டிலோ நன்றாகத் தேய்த்து, ஈரம் ஏறத்தாழ நீங்கியபின்தான் தாளில் வைப்பர். ஈரம் மிகுந்தால் நிறம் வெட்டின் விளிம்புக்கு அடியில் ஊர்ந்து உருவத்தைக் கலைத்துவிடும். உலர்ந்த தூரிகை சிறிது சிறிதாகவே நிறம் தருகிறது என்ற குறையே இக்கலையின் வாயிலாகவும் ஆனது. அழுத்தம் கூடும் இடத்தில் நிறம் ஆழ்ந்தும், தளரும் இடத்தில் வெளிறியும் அமைய, ஒரே வெட்டினுள் இருளும் ஒளியும் பிறந்தன. நிறம் இவ்வாறு படிப்படியாகக் கரைந்து மறைவதை ஜப்பானியர் பொகாஷி என்பர்.

சுரிகோமியின் உச்சம் சரசா எனப்படும் துணிகளில் காணப்படுகிறது. சரசாவின் கதையோ வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் தொடங்குகிறது. சோழமண்டலக் கரையில் எழுதுகோலாலும் மரஅச்சாலும் சாயமேற்றிய பருத்தித் துணிகள் போர்த்துகீசியர், டச்சுக்காரர் கப்பல்களில் ஜப்பானை அடைந்து, தேநீர்ச் சடங்கின் பாத்திரங்களைப் பொதியும் பைகளாகும் அளவுக்கு மதிப்புப் பெற்றன. அதே கரையிலிருந்து சென்ற கோடிட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் சந்தோமே என்றனர். மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான் அச்சொல்லின் மூலம். இந்தியச் சாயக்காரர்களின், நிறத்தைத் துணியில் ஊன்றச் செய்யும் நுட்பம் கைவராத ஜப்பானியப் பட்டறைகள், அத்துணிகளின் தோற்றத்தைத் தம் கையிலிருந்த வெட்டுத்தாளால் ஈடுசெய்ய முயன்றன. தோக்கியோவின் பழைய பெயரான எதோவைக் கொண்டு எதோ சரசா எனப்படும் மரபில் ஒரு வடிவத்தை முடிக்க முப்பது வெட்டுத்தாள்கள் தேவைப்படுவது இயல்பு. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஊசிமுனைத் துளைகள் இடப்பட்டிருக்கும். விண்மீன் என்று பெயர் பெற்ற இப்புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால்தான் அடுத்த நிறம் பிசகாமல் விழும். போலி செய்யப் புறப்பட்ட வேலை, மூலத்துக்கு ஈடாகாவிட்டாலும், மூலத்தில் இல்லாத மங்கலான ஆழம் ஒன்றைக் கண்டடைந்தது.

தெற்கே ரியூக்யூ அரசாக இருந்த ஒகினாவாவில் பிங்காதா என்னும் தனி மரபு வளர்ந்தது. பளிச்சென்ற நிறங்களை முதலில் இட்டு, பின்னர் ஒவ்வோர் உருவத்தின் விளிம்பிலும் அடர்ந்த நிறமொன்றைத் தேய்த்து உள்நோக்கிக் கரைப்பது அதன் அடையாளம்; குமதோரி எனப்படும் இந்த நிழலிடுதலுக்கு உரிய தூரிகையைப் பெண்களின் தலைமயிரால் கட்டினர். தாளை வெட்டும்போது அடியில் வைக்கும் பலகையும் விந்தையானது: கல்போல் இறுகும்வரை உலர்த்திய சோயாக் கட்டி. அதன் எண்ணெய்ப்பசை கத்தியின் முனையைக் காப்பதோடு வெட்டையும் வழுவழுப்பாக்கும். நிறத்தைத் துணியில் பிணைப்பதும் சோயாச் சாறே. உணவும் தொழிலும் ஒரே அடுப்பங்கரையில் பிறக்கும் இத்தகைய இடங்களில்தான் கைவினைகள் நெடுநாள் நிலைக்கின்றன.

துணியிலிருந்து வாழ்த்துக்கு வரும் பாதை 18-ஆம் நூற்றாண்டில் திறந்தது. முதலில் அது செல்வர்களின் பாதையாகவே இருந்தது. அக்கால நாட்காட்டியில் 30 நாள் மாதங்களும் 29 நாள் மாதங்களும் ஆண்டுதோறும் இடம் மாறின. நாட்காட்டி வெளியிடும் உரிமை குறிப்பிட்ட சிலரிடமே இருந்தது. ஆகவே நெடிய மாதங்களின் எண்களைப் படத்தின் ஆடைமடிப்பிலோ விசிறியிலோ மறைத்து வரையச் செய்து, புத்தாண்டில் நண்பர்களுக்கு வழங்குவது எதோ நகரத்து ரசிகர்களின் விளையாட்டாயிற்று. எகோயோமி எனப்படும் இப்படநாட்காட்டிகளைப் பரிமாறும் போட்டியில், 1765-இல் சுஸுகி ஹாருநோபுவின் வடிவங்களுக்காகப் பல கட்டைகளைத் துல்லியமாகப் பொருத்திப் பதித்ததிலிருந்தே ஜப்பானின் முழுவண்ண மரஅச்சு வளர்ந்தது. உலகம் போற்றும் அக்கலை, வேடிக்கையாகப் பரிமாறிய புத்தாண்டுப் பரிசொன்றின் பிள்ளை. அதன்பின் கவிதைக் குழாங்கள் தம் பாடல்களோடு தனியே அச்சிட்டுப் பரிமாறிய சுரிமோனோ அட்டைகளில், தடித்த தாள், உலோகத் துகள், மையிடாத புடைப்பு அச்சு, கட்டையை ஈரத்துணியால் துடைத்து நிறத்தை மங்கவைக்கும் பொகாஷி ஆகிய எல்லா ஆடம்பரங்களும் கூடின.

அதே காலத்தில் ஓசாகா, கியோத்தோ பகுதியில் கப்பாசுரி என்னும் மலிவான முறை வழங்கியது. கோட்டுருவை மட்டும் மரக்கட்டையால் பதித்து, நிறங்களை நீர்புகாத் தாளின் வெட்டுவழியே தூரிகையால் இடுவது அம்முறை. மழைமேலாடைக்குப் பயன்பட்ட எண்ணெய்த் தாளின் பெயரான கப்பா, போர்த்துகீசியர் தந்த சொல். தூரிகைக் கோடுகள் அப்படியே தெரிவதும், நிறம் விளிம்பில் தேங்குவதும், கோட்டைத் தாண்டிச் சிறிது வழிவதும் இதன் இயல்புகள். சுரிமோனோவின் துல்லியத்தோடு ஒப்பிடுவோர் இவற்றைக் குறைகள் என்பர். ஆனால் ஒரு கட்டையிலிருந்து வந்த நூறு படிகளுள் ஒவ்வொன்றையும் தனியே அடையாளம் காண உதவுவன இக்குறைகளே. வாழ்த்து என்பது எல்லோருக்கும் ஒரே சொல்லைச் சொல்லியும், பெறுபவர் தமக்கென்றே சொல்லப்பட்டதாக உணர வேண்டிய ஒன்றாதலால், இந்த இரட்டைத் தன்மை அதற்கு வாய்ப்பாக அமைந்தது. உருவத்தை மாறாமல் காப்பது தாள், ஒவ்வொன்றையும் வேறாக்குவது தூரிகை.

1873 இவ்வரலாற்றில் ஒரு முடிச்சு. அவ்வாண்டின் சனவரி 1 முதல் ஜப்பான் பழைய நாட்காட்டியைக் கைவிட்டு மேலைநாட்டு நாட்காட்டியை ஏற்க, நெடிய மாதம் குறுகிய மாதம் என்ற புதிர் பொருளிழந்தது. அவ்வாண்டின் டிசம்பரிலேயே அரசு அஞ்சல் அட்டையை வெளியிட்டது. நகருக்குள் அரை சென், வெளியூருக்கு ஒரு சென் என, கடிதத்தின் பாதிக் கட்டணத்தில் கிடைத்த இவ்வட்டை, புத்தாண்டில் வீடுவீடாகச் சென்று வணங்கும் வழக்கத்துக்கு மாற்றாயிற்று. நெங்காஜோ எனப்படும் புத்தாண்டு வாழ்த்தட்டைகள் ஆண்டிறுதியில் குவிந்து அஞ்சலகங்களைத் திணறடித்ததால், டிசம்பர் இறுதியில் பெற்றுச் சனவரி 1 முத்திரையோடு வழங்கும் தனி ஏற்பாடு 1899-இல் தொடங்கியது. 1900-இல் தனியாரும் அட்டை அச்சிட அனுமதி கிடைத்தது. போரின் நெருக்கடியால் 1940-இல் நின்ற தனிஏற்பாடு 1948-இல் மீண்டது. 1949 இறுதியில் குலுக்கல் எண்ணோடு கூடிய அட்டை வந்தபோது, மிக உயர்ந்த பரிசாக அறிவிக்கப்பட்டது ஒரு தையல் இயந்திரம்.

நூறு பேருக்கு நூறு அட்டை என்ற கடமை நடுத்தர வீடுகளில் நிலைபெற்றபோது, அச்சகத்துக்குச் செல்லாமல் வீட்டிலேயே படி எடுப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. பாதி உருளைக்கிழங்கிலோ வள்ளிக்கிழங்கிலோ எழுத்தைச் செதுக்கி மையில் தோய்த்துப் பதிப்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விடை. மற்றொரு விடை, 1894-இல் ஹோரி ஷின்ஜிரோ ஆக்கிய காரிபான். மெழுகு பூசிய மெல்லிய தாளை அரம்போன்ற இரும்புத் தட்டின் மேல் வைத்து எழுத்தாணியால் எழுத, எழுதிய இடத்தில் மெழுகு அகன்று மை இறங்கும் வழி உண்டாகும். எழுத்தாணி எழுப்பும் காரி காரி என்ற ஒலியே அதற்குப் பெயராயிற்று. தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் சிற்றிதழ்களிலும் ஒருகாலத்தில் கோலோச்சிய சைக்ளோஸ்டைலின் உடன்பிறப்பு இது. அங்கும் ஸ்டென்சில் வெட்டுவது என்றே சொல்லி வந்தனர். கத்தியால் வெட்டிய கதகாமியின் இடத்தில் ஆணியால் கீறிய தாள் வந்ததே மாற்றம். துளைவழி நிறம் இறங்குவது மாறவில்லை.

துணிக்கலையிலிருந்து காகிதத்துக்கு வெட்டுத்தாளைத் திருப்பிக் கொணர்ந்தவர் செரிசாவா கெய்சுகே. 1895-இல் ஷிசுவோகாவில் பிறந்த இவர், 1928-இல் பிங்காதாத் துணிகளைக் கண்டு மனம் பறிகொடுத்து, 1939-இல் ஒகினாவா சென்று அம்முறையை நேரில் பயின்றார். வடிவம் வரைபவர், தாள் வெட்டுபவர், சாயமிடுபவர் என மூவராகப் பிரிந்திருந்த வேலையைத் தாமே தொடக்கம் முதல் முடிவுவரை செய்தது இவருடைய தனித்தன்மை. 1956-இல் தேசியச் செல்வமாக ஏற்கப்பட்டபோது, அவ்வேலைக்கென்றே புதிய பெயரொன்று சூட்டப்பட்டது. போருக்குப் பின் துணி கிடைப்பது அரிதான 1940களின் நடுவிலிருந்து, வாஷித் தாளில் வெட்டுத்தாள் முறையில் சாயமேற்றிய நாட்காட்டிகளை ஆண்டுதோறும் வெளியிட்டார். எகோயோமி மறைந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பின், படநாட்காட்டி மீண்டும் கைவேலையாகப் புத்தாண்டு வீடுகளுக்குள் நுழைந்தது.

செரிசாவாவின் காகிதம் கலைரசிகரை அடைந்தது. குடும்பங்களை அடைந்தது 1977-இல் வந்த பிரிண்ட் கொக்கோ. 1946-இல் காரிபான் அச்சுவேலையாகத் தம் தொழிலைத் தொடங்கிய ஹாயமா நொபோரு நிறுவிய ரிசோ நிறுவனத்தின் படைப்பு இது. கொக்கோ என்பது சிறுவர் கடைவைத்து விளையாடுவதையும் அம்மா அப்பா வேடமிட்டு விளையாடுவதையும் குறிக்கும் ஜப்பானியச் சொல். நம் சொப்பு விளையாட்டின் சாயல் அதில் உண்டு. கரி கலந்த மையாலோ பென்சிலாலோ வரைந்த படத்தின் மேல், வலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து, இரண்டு ஒளிவிளக்குகளை மின்கலத்தால் ஒரு கணம் எரிப்பர். கரி அந்த வெப்பத்தை உறிஞ்ச, அதைத் தொட்ட படலம் உருகித் துளையாகும். கத்தியும் பாலமும் இல்லாமல், தீவுகளை வலையே தாங்க, ஒரு நொடியில் வெட்டுத்தாள் தயார். பட்டு வலை கொண்டு சுஸுகா அடைந்த தீர்வின் கடைசிப் பேரன் இது என்பதில் ஐயமில்லை.

மையிடுவதில்தான் அதன் அழகு ஒளிந்திருந்தது. படலத்தின் பின்புறத்தில் பல நிறங்களைக் குழாயிலிருந்து பிதுக்கி அருகருகே வைத்து, மூடியை அழுத்தினால் எல்லா நிறமும் ஒரே அழுத்தத்தில் அட்டையில் இறங்கும். நிறங்கள் கலவாதிருக்க நுரைப்பட்டைகளை இடையே ஒட்டலாம்; ஒட்டாமல் விட்டவர்களுக்கோ, நீலமும் சிவப்பும் சந்திக்கும் எல்லை அழுத்தத்துக்கு அழுத்தம் நகர்ந்து, முதல் அட்டையில் கோடாக இருந்தது இருபதாவதில் ஊதா மேகமாக விரிந்தது. தூரிகையை எடுத்தெறிந்த இயந்திரத்துக்குள்ளும் பொகாஷி வழிகண்டு நுழைந்துவிட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. டிசம்பர் இறுதியில் ஜப்பானிய வீட்டின் தரை முழுவதும் ஈர அட்டைகள் உலரக் கிடப்பது ஒரு தலைமுறையின் பொது நினைவாயிற்று.

கணினியும் வண்ண அச்சுப்பொறியும் வீட்டுக்குள் வந்தபின் இந்த ஈரம் தேவையற்றதாயிற்று. 2003 இறுதியில் வெளியிட்ட புத்தாண்டு அட்டைகள் சுமார் 445 கோடி என்னும் உச்சத்தைத் தொட்டன. ஆனால் அவற்றில் கையழுத்தத்தின் பங்கு ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது. 2008-இல் பிரிண்ட் கொக்கோக் கருவியின் விற்பனையும், 2012-இல் விளக்கு, மை, படலம் ஆகியவற்றின் விற்பனையும் நின்றன. உச்சத்துக்குப் பின் அட்டைகளின் எண்ணிக்கையும் பொதுவாக இறங்கியது.

அட்டைகள் குறைந்த இக்காலத்தில் கையால் அட்டை செய்வோர் திரும்பியிருப்பது இயந்திரத்துக்கு அல்ல, அதற்கும் முந்திய தூரிகைக்கு. வெட்டுத்தாள் இன்று பெர்சிமன் சாறு அறியாத பிளாஸ்டிக் தகடு. தூரிகையில் மான்மயிரின் இடத்தைச் செயற்கை இழை பிடித்துவிட்டது. சாயத்துக்குப் பதிலாக மைப்பஞ்சு. ஆயினும் மையைத் தொட்டதும் ஒரு கழிவுத்தாளில் தேய்த்து ஈரத்தைக் குறைப்பதும், அட்டைக்கு வெளியே தொடங்கி வட்டமிட்டு மெல்ல உள்ளே வருவதும், வெளிறிய நிறத்தை முதலிலும் அடர்ந்ததைக் கடைசியிலும் இடுவதும் சரசாப் பட்டறையில் வழங்கிய ஒழுங்கே. விளிம்பில் இருண்டு உள்நோக்கிக் கரையும் அந்நிறம் அட்டையின் நடுவை எட்டுவதற்குள் தேய்ந்து மறைய, அங்கே எஞ்சும் வெண்மையில்தான் பெறுபவரின் பெயரும் வாழ்த்தும் எழுதப்படுகின்றன.